‘கொன்பினி நிங்கென்’: பெயரிடப்படாத ஒருத்தியின் கதை

யப்பானிய எழுத்தாளர் சயாகா முராதாவின் ‘கொன்பினி நிங்கென்’ என்ற சிறிய நாவல் 2016இல் வெளிவந்தது. அதே ஆண்டில் யப்பானின் முக்கிய இலக்கியப் பரிசான அகுதகாவா விருதும் அதற்குக் கிடைத்தது. 2018இல் ஜின்னி டாப்லி தகெமோரி அதனை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். பெருநாள் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்த என் பழைய மாணவர் ஒருவர், “சின்னப் புத்தகம் சேர், ஒரு ராவையில முடிச்சிரலாம்” என்று சொல்லி அந்த ஆங்கிலப் பிரதியை என் கையில் தந்துவிட்டுப் போனார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் வாசிக்கும் கிராமத்து வாத்தியாருக்கு அது பதினொரு இரவுகள் பிடித்தது. முடித்த பிறகு மீண்டும் முதலாம் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அதற்கு இலக்கியக் காரணங்களும் உண்டு, என் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. சொந்தக் காரணத்தை இறுதியில் சொல்கிறேன்.

முதலில் தலைப்பு. ‘கொன்பினி’ என்பது இருபத்துநான்கு மணிநேரமும் திறந்திருக்கும் சிறு பல்பொருள் கடையைக் குறிக்கும் சுருக்கச் சொல். 1974இல் டோக்கியோவில் முதலாவது செவன்-இலெவன் கடை திறக்கப்பட்டது. இன்று யப்பானில் இத்தகைய கடைகள் 50,000இற்கும் மேல் உள்ளன. ‘நிங்கென்’ என்றால் மனிதர். ஆணா பெண்ணா என்று அச்சொல் காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் இத்தலைப்பு ‘கொன்வீனியன்ஸ் ஸ்டோர் வுமன்’ என்றாகியது. ‘கடை மனிதர்’ ‘கடைப் பெண்’ ஆகிவிட்டார். மொழிபெயர்ப்பில் இதுவொரு சின்ன மாற்றம் என்று கடந்துபோகலாம். ஆனால் நாவலின் மையப் பிரச்சினையே இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கதாநாயகியிடம் உலகம் கேட்பது, “நீ மனுஷிதானா?” என்ற கேள்வியை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு உலகம் எடுத்துக்கொள்ளும் காரணங்கள் எல்லாம் அவள் பெண் என்பதிலிருந்து வருகின்றன. கல்யாணம் ஏன் இல்லை, பிள்ளை ஏன் இல்லை, இந்த வயதில் இந்த வேலை ஏன். ஆகவே இரண்டு தலைப்புகளும் சரிதான். இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

கதை சுருக்கமானது. கெய்கோ புருகுராவுக்கு 36 வயது. 1998இல் பல்கலைக்கழக மாணவியாக இருந்தபோது புதிதாகத் திறக்கப்பட்ட ஒரு கொன்பினியில் பகுதிநேர வேலைக்குச் சேர்கிறாள். 18 வருடங்கள் கழிந்தும் அதே கடையில், அதே வேலையில் இருக்கிறாள். முகாமையாளர்கள் மாறுகிறார்கள், எட்டாவது முகாமையாளரும் வந்துவிட்டார். கெய்கோ மாறவில்லை. கல்யாணம் இல்லை, காதல் இல்லை, அவற்றில் விருப்பமும் இல்லை. ஷிராஹா என்ற, உலகத்தின் மேல் கோபம் கொண்ட ஒரு சோம்பேறி ஆண் அவளது வாழ்க்கைக்குள் வருகிறான். வெளியுலகின் வாயை அடைக்க அவனை வீட்டில் வைத்துக்கொள்கிறாள். அவனுடைய வற்புறுத்தலால் கடையை விட்டு விலகுகிறாள். வேறு வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்குப் போகும் வழியில் ஒரு கொன்பினிக்குள் நுழைகிறாள். அங்கே என்ன தேவை என்று கடையே தன்னிடம் பேசுவது அவளுக்குக் கேட்கிறது. நேர்முகப் பரீட்சைக்குப் போகாமல் திரும்பிவிடுகிறாள். இவ்வளவுதான். முராதா 1979இல் பிறந்தவர். தானே நீண்டகாலம் கொன்பினியில் பகுதிநேரம் வேலை செய்தவர். விருது அறிவிக்கப்பட்ட காலத்திலும் அந்த வேலையில் இருந்தார். எனவே கடையின் உள்விவரங்கள் அச்சொட்டாக வருகின்றன.

கெய்கோவுக்கு என்ன? நாவலில் எந்த நோயின் பெயரும் சொல்லப்படவில்லை. ஆனால் நாவலை வாசித்த பலர், குறிப்பாக ஓட்டிசம் உள்ள பெண்கள் பலர், அவளிலே தங்களைக் கண்டார்கள். அப்படிக் காண்பதற்குப் பிரதியில் இடமிருக்கிறது. நாவல் தொடங்குவதே ஓசைகளில்தான். கதவு மணி, வாடிக்கையாளரின் காலடி, பை உரசும் சத்தம், சட்டைப் பைக்குள் சில்லறை குலுங்கும் சத்தம். அந்தச் சில்லறைச் சத்தத்தைக் கேட்டவுடன் இந்த ஆள் சிகரெட்டோ பத்திரிகையோ வாங்கப் போகிறார் என்று அவளது கை தயாராகிவிடுகிறது. மற்றவர்களுக்கு இரைச்சலாக இருப்பது அவளுக்குச் செய்தியாக இருக்கிறது. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றுக்கான கூடிய அல்லது குறைந்த உணர்திறன், அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கைநூலில் ஓட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக 2013இல்தான் சேர்க்கப்பட்டது. நாவலாசிரியர் கைநூலைப் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. ஒரு மனுஷியை அருகிலிருந்து பார்த்து எழுதியதாகவே தெரிகிறது.

சிறுவயதுச் சம்பவங்கள் மூன்று சொல்லப்படுகின்றன. பூங்காவில் ஒரு சிறு பறவை செத்துக் கிடக்கிறது. மற்றப் பிள்ளைகள் அழுகிறார்கள். கெய்கோ அதைத் தாயிடம் கொண்டுபோய், வாப்பாவுக்குச் சுட்ட கோழி பிடிக்குமே, இதைச் சுட்டுச் சாப்பிடலாமே என்ற கருத்துப்படக் கேட்கிறாள். தாய் திகைக்கிறாள். பிள்ளைகள் பறவையைப் புதைத்து, சுற்றியிருந்த பூக்களைப் பிடுங்கி மேலே போடுகிறார்கள். பூக்களைக் கொல்வது மட்டும் எப்படிச் சரியாகும் என்பது கெய்கோவின் விளங்காமை. பிறகு பாடசாலையில் இரண்டு பையன்கள் சண்டை பிடிக்கிறார்கள். யாராவது நிறுத்துங்கள் என்று மற்றவர்கள் கத்துகிறார்கள். கெய்கோ மண்வெட்டியை எடுத்துவந்து ஒருவனின் தலையில் அடித்து நிறுத்திவிடுகிறாள். இன்னொரு நாள் கத்திக்கொண்டிருந்த ஆசிரியையின் பாவாடையை இழுத்து இறக்கி அவரை மௌனமாக்குகிறாள். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் பிள்ளை. “நிறுத்துங்கள்” என்றார்கள், நிறுத்தினாள். சொல்லின் மேல்பரப்புக்கும் அதன் உள்நோக்கத்துக்கும் இடையில் மற்றவர்கள் தானாகத் தாண்டும் ஒரு பள்ளம் இருக்கிறது. கெய்கோவுக்கு அந்தப் பள்ளம் உண்மையாகவே பள்ளம்.

இவற்றுக்குப் பிறகு பெற்றோர் அவளை ஓர் ஆலோசகரிடம் கூட்டிச் செல்கிறார்கள். அங்கே முதலில் சந்தேகிக்கப்படுவது வீடுதான். அமைதியான தகப்பன், அன்பான தாய், ஒரு தங்கை. அந்த வீட்டில் எந்தக் குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் அன்பு காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பப்படுகிறார்கள். நாவலில் இது சில வரிகளில் கடந்துபோகிறது. ஆனால் அதன் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

லியோ கனர் 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஓட்டிசம் பற்றிய மருத்துவ எழுத்துக்கு அடித்தளமானது. அந்தப் பதினொருவரில் எட்டுப்பேர் ஆண்கள், மூவர் பெண்கள். பெற்றோரின், விசேடமாகத் தாய்மாரின், குளிர்ந்த சுபாவம் பற்றிய பேச்சும் அவருடைய எழுத்துக்களில் தலைகாட்டியது. அந்தப் பேச்சு வளர்ந்து, புரூனோ பெற்றல்ஹைம் 1967இல் வெளியிட்ட ‘வெற்றுக் கோட்டை’ என்ற பொருள்படும் நூலில் தாய்மாரின் மேல் ஒரு குற்றப்பத்திரிகையாகவே வந்து நின்றது. தாயின் அன்பின்மைதான் பிள்ளையை அப்படி ஆக்கியது என்றார்கள். பேர்னாட் றிம்லண்ட் 1964இலேயே இதை மறுத்து, இது உடல்சார்ந்த காரணங்களால் வருவது என்று எழுதியிருந்தும் தாய்மார் மீதான பழி லேசில் நீங்கவில்லை.

அதே 1967இல்தான் கிளாரா கிளெய்போர்ன் பார்க் என்ற அமெரிக்கத் தாய், ‘முற்றுகை’ என்று பொருள்படும் தன் நூலை வெளியிட்டார். தன்னுடைய கடைசி மகளின் முதல் எட்டு ஆண்டுகளைப் பற்றியது அது. அவர் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியை. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட தாய் ஒருத்தி, அழுது புலம்பாமல், பிள்ளை எந்த நாள் எந்தச் சொல்லைச் சொன்னது, எதைத் தொட்டது, எதற்குச் சிரித்தது என்று ஒரு விஞ்ஞானியைப்போலப் பதிந்து வைத்திருக்கிறார். பெண்களின் நலம் என்று பேசும்போது இந்தத் தாய்மாரின் நலத்தையும் அதற்குள் எடுக்க வேண்டும். நமது ஊர்களில் அந்தப் பழி இன்றும் பேச்சுவழக்கில் இருக்கிறது. “வளர்ப்புச் சரியில்ல”, “உம்மா கவனிக்கல்ல”, “வயித்தில இருக்கக்குள்ள எதையோ பாத்துப் பயந்திருக்கா”. வாப்பாவின் பெயர் இந்த வாக்கியங்களில் வருவதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரி, பெண்பிள்ளைகள் ஏன் கண்ணில் படாமல் போனார்கள்? ஹான்ஸ் அஸ்பேர்கர் 1944இல் வியன்னாவில் விரிவாக விவரித்தது நான்கு பையன்களை. முழுமையான வடிவில் ஒரு சிறுமியைத் தான் சந்திக்கவில்லை என்றும் அவர் எழுதினார். ஆனால் அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, மொஸ்கோவில் குரூனியா சுகாரெவா என்ற பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதி, அதன்பின் சிறுமியரைப் பற்றியும் தனியாக எழுதியிருந்தார். அந்த எழுத்து நீண்டகாலம் யாருடைய கண்ணிலும் படவில்லை. நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்ற கணக்கே பாடநூல்களில் நின்றது. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது மூன்றுக்கு ஒன்றுக்குக் கிட்டவே இருக்கும் என்றும், பெண்கள் கண்டறியப்படாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்றும் தெரியவந்தது. ஆசிரியர் கலாசாலையில் எனக்குக் கிடைத்த உளவியல் குறிப்புக்களில் விசேட தேவையுள்ள பிள்ளை எப்போதும் ‘அவன்’ ஆகவே இருந்தான். வகுப்பில் கதிரையை உதைப்பவன், ஓடுபவன், கத்துபவன். சத்தம் போடாத பிள்ளையைத் தேடும்படி எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பெண்பிள்ளைகள் சத்தம் போடாமல் இருப்பதற்கு ஒரு காரணம், அவர்கள் பார்த்துப் பழகிக்கொள்வது. நாவலின் மிகச் சிறந்த பகுதி என்று நான் கருதுவது இதைப் பற்றியதுதான். கெய்கோ கடையில் சேரும்போது, எப்படிச் சிரிப்பது, எப்படி வரவேற்பது என்று ஒரு காணொளியைப் போட்டுக் காட்டுகிறார்கள். சாதாரண முகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் அவளுக்குச் சொல்லித்தருவது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. அவள் அதைத் தன் பிறப்பாகவே உணர்கிறாள். கடைக்குள் எல்லாவற்றுக்கும் கையேடு இருக்கிறது. கடைக்கு வெளியே கையேடு இல்லை. ஆகவே அவள் சக ஊழியர்களைக் கையேடாக எடுத்துக்கொள்கிறாள். பேச்சின் ஒரு பகுதியை இசுமி என்ற மூத்த ஊழியரிடமிருந்தும், இன்னொரு பகுதியைச் சுகவாரா என்ற இளம்பெண்ணிடமிருந்தும் எடுக்கிறாள். இசுமியின் சப்பாத்தின் பெயரைப் பார்த்து வைத்துக்கொண்டு அதைப் போன்றதைத் தேடி வாங்குகிறாள். அவர்கள் யாரையாவது ஏசும்போது தானும் அதே குரலில் ஏசுகிறாள். அவர்கள் சந்தோஷப்படுவதைக் கண்டு, இன்றைக்கு மனிதராக இருப்பதில் நான் சித்தியடைந்துவிட்டேன் என்று ஆறுதல் கொள்கிறாள்.

இதை ஆய்வாளர்கள் ‘மறைத்துக்கொள்ளல்’ என்று அழைக்கிறார்கள். முகமூடி போடுவது என்று நாம் சொல்லலாம். ஓட்டிசம் உள்ள பெரியவர்களைக் கேட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இதனால் வரும் உடற்களைப்பும், தான் யார் என்ற குழப்பமும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன. 2018இல் இன்னோர் ஆய்வு இம்மறைத்தலுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் இடையில் தொடர்பு இருப்பதைக் காட்டியது. அவுஸ்திரேலிய எழுத்தாளர் டொனா வில்லியம்ஸ் 1992இல் வெளியிட்ட தன் வாழ்க்கை வரலாற்றில் இதையே உள்ளேயிருந்து சொன்னார். சிறுவயதில் அவரைச் செவிடோ என்று சோதித்தார்கள். பூங்காவில் கண்ட ஒரு சிறுமியின் பெயரையும் பாவனையையும் எடுத்து, எல்லோருக்கும் பிடித்தமான ஒருத்தியாக அவர் நடித்தார். இருபதுகளின் நடுப்பகுதியில்தான் தனக்கிருப்பது ஓட்டிசம் என்று அறிந்தார். முராதாவின் கெய்கோ இதைக் குளிர்ந்த குரலில் சொல்கிறாள், வில்லியம்ஸ் காயத்தோடு சொல்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால்தான் முகமூடியின் இரு பக்கமும் தெரியும்.

உடல்நலம் இந்நாவலில் வரும் விதம் தனியாகப் பேசப்பட வேண்டியது. இந்த வயதிலும் ஏன் பகுதிநேர வேலை என்று சிநேகிதிகள் கேட்கும்போது சொல்வதற்குத் தங்கை ஒரு பதிலைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எனக்கு உடம்புக்கு முடியாது. அதைச் சொன்னவுடன் எல்லோரும் சமாதானமாகிவிடுகிறார்கள். அதாவது வித்தியாசமான பெண்ணை ஏற்றுக்கொள்ளாத சமூகம் நோயாளிப் பெண்ணை உடனே ஏற்றுக்கொள்கிறது. இந்த இடத்தில் எனக்குச் சார்லொட் பேர்க்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட ‘மஞ்சள் சுவர்த்தாள்’ சிறுகதை ஞாபகம் வந்தது. பிள்ளை பெற்றபின் மனச்சோர்வில் விழுந்த கில்மனுக்கு, பிரபல அமெரிக்க மருத்துவர் வெயர் மிட்செல் 1887இல் விதித்தது ஓய்வுச் சிகிச்சை. படுத்திரு, வீட்டைப் பார், பேனாவைத் தொடாதே. கில்மனுக்கு நோய் என்று சொல்லி வேலையைப் பறித்தார்கள். கெய்கோ நோய் என்று பொய் சொல்லித் தன் வேலையைக் காப்பாற்றுகிறாள். நூற்றிருபது வருட இடைவெளியில் பெண்ணுக்குக் கிடைத்த முன்னேற்றம் இவ்வளவா என்று கேட்கத் தோன்றுகிறது.

உண்மையில் அவள் உடம்புக்கு முடியாமல் போவது கடையை விட்ட பிறகுதான். கடையில் இருந்தபோது அடுத்தநாள் வேலைக்காக நேரத்துக்கு உறங்கினாள், நேரத்துக்குச் சாப்பிட்டாள், நகம் வெட்டினாள், சுத்தமாக இருந்தாள். வேலை போனவுடன் எதற்காக உறங்குவது, எதற்காக எழும்புவது என்ற அளவுகோல் போய்விடுகிறது. அலுமாரிக்குள் படுக்கிறாள். குளிப்பதும் உண்பதும் ஒழுங்கிழக்கின்றன. மேலுதட்டு மயிரையும் எடுக்காமல் விடுகிறாள். ஆனால் இந்த நேரத்தில்தான் மற்றவர்கள் அவளைப் பற்றி ஆக மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். வீட்டில் ஓர் ஆண் இருக்கிறான், அவள் ‘குணமாகி’ வருகிறாள். அவள் நலமாக இருந்தபோது நோயாளியாகவும், நலம் கெட்டபோது குணமானவளாகவும் பார்க்கப்படுகிறாள். முராதா இதைப் பற்றி ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. அலுமாரியையும் மேலுதட்டையும் மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ஷிராஹாவின் பேச்சிலும் பெண்ணுடல் வருகிறது. கற்காலத்திலிருந்து எதுவும் மாறவில்லை, வேட்டையாடாத ஆணுக்கும் பிள்ளை பெறாத பெண்ணுக்கும் கூட்டத்தில் இடமில்லை என்பது அவனது தத்துவம். அதே தத்துவத்தால் காயப்பட்டவன், அதையே எடுத்துக் கெய்கோவை அடிக்கிறான். அவனுடைய சகோதரனின் மனைவியோ எதிர்ப்பக்கமாக, உன்னைப்போன்றவர்கள் தயவுசெய்து பிள்ளை பெற வேண்டாம் என்கிறாள். பெறாவிட்டாலும் குற்றம், பெற்றாலும் குற்றம். கெய்கோவுக்கு என்ன விருப்பம் என்று இருவரும் கேட்பதில்லை.

இனிக் குறைகள். முதலாவது, தங்கையின் குழந்தை அழும் காட்சி. கெய்கோ மேசையிலுள்ள சிறு கத்தியைப் பார்த்து, அமைதியாக்குவது மட்டும்தான் நோக்கமென்றால் அது எவ்வளவு இலேசு என்று நினைக்கிறாள். சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் அவளது தர்க்கத்தின் கடைசி எல்லை அது என்பது விளங்குகிறது. ஆனாலும் இக்காட்சி வாசகரிடம் ஒரு தப்பான பயத்தை விதைக்கும். இத்தகைய மனிதர்கள் வன்முறை செய்பவர்களாக இருப்பதைவிட வன்முறைக்கும் ஏய்ப்புக்கும் ஆளாகிறவர்களாகவே அதிகம் இருக்கிறார்கள். உணர்ச்சி வெளிப்பாடு வேறாக இருப்பதை உணர்ச்சியே இல்லை என்று எடுத்துக்கொள்ளும் பொது அபிப்பிராயத்துக்கு முராதா இங்கே சற்று இடம்கொடுத்துவிட்டார்.

இரண்டாவது, முடிவு. கெய்கோ கடைக்குத் திரும்புவது விடுதலையா? கடையில் ஒவ்வொரு நாளும் வரும் மூதாட்டி ஒருவர், இங்கே எதுவுமே மாறவில்லை என்கிறார். ஆனால் முட்டை வேறு, பால் வேறு, ஊழியர்களும் வேறு என்று கெய்கோ நினைத்துக்கொள்கிறாள். 18 வருடம் உழைத்தும் மணித்தியாலக் கூலிதான். உடம்பு தளரும்போது முட்டையைப்போல அவளும் மாற்றப்படுவாள். அவளது வித்தியாசத்தை மதிக்கும் ஒரே இடம், அவளது உழைப்பை மலிவாக வாங்கும் இடமாகவும் இருக்கிறது. நாவல் இதை அறிந்தே இருக்கிறது, ஆனால் அதில் நின்று யோசிக்கவில்லை. கிளாரா பார்க் 2001இல் எழுதிய இரண்டாவது நூலில் அவருடைய மகள் வளர்ந்து, ஒரு கல்லூரியின் தபால் அறையில் வேலை செய்கிறார், ஓவியமும் வரைகிறார். அங்கே வேலையோடு வீடும் சுற்றமும் இருக்கின்றன. கெய்கோவுக்குக் கடையைத் தவிர ஒன்றுமில்லை.

மூன்றாவது, பெயர் சொல்லாமை. இது குறையா நிறையா என்று நான் நீண்டநேரம் யோசித்தேன். ‘நரம்பியல் பன்மை’ என்று தமிழில் சொல்லக்கூடிய கருத்து 1990களில் ஓட்டிசம் உள்ளவர்களின் குழுக்களுக்குள்ளே உருவானது. அவுஸ்திரேலிய சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998இல் தன் ஆய்வேட்டில் அதைப் பயன்படுத்தினார். மூளைகள் பலவிதம், ஒருவிதமே சரியானது அல்ல என்பது அதன் சாரம். வில்லியம்ஸைப் போன்ற பெண்களுக்குப் பெயர் கிடைத்தது பெரிய ஆறுதலாக இருந்தது. நான் சோம்பேறியல்ல, திமிர் பிடித்தவளுமல்ல என்பதற்கு அது ஒரு சாட்சி. அந்த ஆறுதல் கெய்கோவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பெயர் சொல்லியிருந்தால், ஓ, இது நோய் பற்றிய கதை என்று நாம் தூரத்தில் நின்று இரக்கப்பட்டிருப்போம். பெயர் இல்லாதபடியால் அவளோடு கூடவே கடைக்குள் நிற்க வேண்டியிருக்கிறது. இலக்கியத்தில் பெயர் சொல்லாதது சரி, வாழ்க்கையில் பெயர் தேவை என்பதே நான் வந்து சேர்ந்த இடம்.

இப்போது சொந்தக் காரணம். பல வருடங்களுக்கு முன், தரம் எட்டில் என்னிடம் ஒரு பிள்ளை படித்தாள். பக்கத்தில் இருப்பவளைப்போலவே கதைப்பாள். இடம் மாற்றி இருத்தினால் குரலும் மாறிவிடும். சீருடையின் கழுத்துத் தையலை எப்போதும் விரலால் இழுத்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் நான் கேட்ட கேள்விக்கு என் குரலிலேயே, நான் இழுக்கும் இழுவையோடு பதில் சொன்னாள். வகுப்புச் சிரித்தது. அவள் என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து மணி அடிக்கும்வரை வெளியே நிற்க வைத்தேன். வரவு இடாப்பில் மாதத்தில் நான்கைந்து நாட்கள் அவளுக்குச் சிவப்புக் கோடு விழும். கள்ளம் என்று எழுதினேன். அந்த நாட்களில் வகுப்புச் சத்தமும் துணியின் உரசலும் அவளால் தாங்கேலாமல் இருந்ததாம் என்று நெடுங்காலத்துக்குப் பின்னர் ஒரு டீச்சர் சொன்னார். மாதவிடாய்க் காலத்தில் புலனுணர்வுகள் இன்னும் கூர்மையாகித் துன்புறுத்துவதாக ஓட்டிசம் உள்ள பெண்கள் பலர் ஆய்வாளர்களிடம் கூறியிருப்பதை இப்போது வாசிக்கிறேன். அவளுக்கு ஓட்டிசம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அவள் யாரையும் கேலி செய்யவில்லை என்பது மட்டும், இசுமியின் குரலைக் கெய்கோ எடுத்துக்கொள்ளும் பக்கத்தை வாசித்த இரவில் எனக்கு விளங்கியது. என்னிடம் பேசுவதற்கு அவளுக்குத் தெரிந்த ஆக மரியாதையான குரல் என்னுடையதாக இருந்திருக்கலாம்.

அவள் பாடசாலையை விட்டபின் நான் ஒரு சிறுகதை எழுதினேன். ‘புத்தி பேதலித்த’ ஒரு பெண்பிள்ளை, ஊர் சிரிக்கிறது, கடைசியில் குளத்தில் மிதக்கிறாள். நண்பர்கள் பாராட்டினார்கள். கண்ணீர் வந்தது என்றார்கள். சில மாதங்களின் பின் அந்தப் பிள்ளையின் உம்மா கடைத்தெருவில் என்னைக் கண்டு நின்றார். இளைய மகன் வாசித்துக் காட்டியிருக்கிறான்.

“கத நல்லம் சேர். எங்கட புள்ளய ஏன் மௌத்தாக்கினீங்க?”

நான் அது வேறு பிள்ளை என்றேன். அவர் தலையாட்டினார். “அவ இப்ப வீட்டில தைக்கிறா சேர். பள்ளிக்கூட உடுப்பு. கழுத்தில உறுத்தாம மடிச்சித் தைப்பா. ஆக்கள் தேடி வாறாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நமது கதைகளில் இப்படியான பெண்கள் நிறைய வந்துபோயிருக்கிறார்கள். பைத்தியமாக, பேய் பிடித்தவளாக, வாய் பேசாதவளாக. பெரும்பாலும் அவர்கள் ஊரின் கொடுமைக்கோ காலத்தின் கொடுமைக்கோ குறியீடாக நிற்கிறார்கள். குறியீட்டுக்குக் கழுத்து உறுத்துவதில்லை, மாதவிடாய் வருவதில்லை, நாளைக்கு என்ன வேலை என்ற யோசனையும் இல்லை. அதனால்தான் அவர்களைக் கொல்வது நமக்கு இலேசாக இருக்கிறது. முராதாவின் நாவலில் எவ்வளவு குறை சொன்னாலும், அவர் கெய்கோவைக் கொல்லவில்லை, குணமாக்கவுமில்லை. மறுநாள் வேலைக்கு அனுப்புகிறார். அந்தப் பிள்ளையின் உம்மா என்னிடம் கேட்டதும் அதைத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

என் சிறுகதைகளைத் தொகுப்பாகப் போடுவதற்கு ஒழுங்குசெய்துகொண்டிருக்கிறேன். அச்சுப்படியில் அந்தக் கதை ஐந்தாவதாக இருந்தது. எடுத்துவிட்டேன். அது கூடாத கதை என்று நண்பர்கள் யாரும் சொல்லவில்லை, ஏன் எடுத்தாய் என்றே கேட்கிறார்கள். அவர்களுக்கான பதிலாகவும் இக்கட்டுரையை எடுத்துக்கொள்ளலாம்.